மீற்றர் வாசிப்பு

முப்பத்தொரு வருஷம்
வீடு வீடாய்ப் போய் மீற்றர் வாசித்தவன் நான்.
கிராண்ட்பாஸ், மட்டக்குளி,
புளூமெண்டால் வீதியின் பின்பக்கச் சந்துகள்.
ஒரு வீடு உயிரோடிருக்கிறதா என்று
கதவைத் தட்டாமலே சொல்லிவிடுவேன்:
கண்ணாடிக்குள் அந்தத் தகடு
சுற்றுகிறதா, நிற்கிறதா.

இன்றைக்கு என்னை வாசிக்கிறார்கள்.

மோதிரம், பெல்ட், காசு, அந்தோனியார் மெடல்
எல்லாம் றெஜினாவின் கைப்பைக்குள்.
உடம்புக்குள்ளே இரும்பு ஏதும் இருக்கிறதா,
ஷெல் துண்டு, சன்னம் அப்படி ஏதும்?
படிவத்தில் தமிழிலும் கேட்டிருந்தார்கள்.
அந்த 'இல்லை'யை எழுதுமுன்
பேனை கொஞ்சநேரம் நின்றது.

'குடிப்பீங்களா?' அதற்கும் இல்லைதான்.
அதை மட்டும் ஒருவரும் நம்புவதில்லை.
சீனியும் கொழுப்பும் சேர்ந்து கெடுத்த ஈரல் என்று
சாட்சிக்கு வருவாள் றெஜினா, ஒவ்வொரு கிளினிக்கிலும்.

வயிற்றின்மேல் பாரமாய் ஒரு தட்டு.
கையில் ஒரு ரப்பர் பந்து, பயந்தால் அமுக்க.
தலைமாட்டில் யாரோ தார்வீதி உடைக்கிறார்கள்.
'ஹுஸ்ம கன்ன' என்கிறாள் மிஸ் துலாஞ்சலி.
'அல்லாகென இன்ன.'
மூச்சை அவள் சிங்களத்தில் பிடித்துவைக்கிறாள்,
நான் தமிழில் எண்ணுகிறேன்.
பதினேழு வரை சுகம்.
பதினெட்டு, பத்தொன்பது
ஆமர் வீதிச் சந்தி நெரிசல்மாதிரி, நகராது.

பிறகு மருந்து.
மணிக்கட்டிலிருந்து கமக்கட்டுக்கு ஏறும் ஒரு குளிர்.

ஈரலுக்கு இரண்டு வழியால் இரத்தம் வருமாம்.
நல்ல சதை குடல் பக்கத்து வழியில்
ஆறுதலாய் வாங்கிக் குடிக்கும்.
கட்டிக்குப் பொறுமையில்லை,
நாடியில் இருந்தே நேராய் இழுக்கும்;
முதலில் வெளிப்பதும் அதுதான்
முதலில் மங்குவதும் அதுதான்.
ஆவணியில் என் தொடைவழியே குழாய் விட்டு
அந்த வயரைத்தான் அடைத்தார்கள்.

நாலு தசம் மூன்று, அப்போது.
இப்போது நாலு தசம் நாலு.
'பெருத்திட்டுதே' என்று றெஜினா
கைலேஞ்சியைத் தேடினாள்.
டொக்டர் ருஷ்தா திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.
'அளவைப் பார்க்காதீங்க அம்மா.
கறுப்பைப் பாருங்க.
மருந்து உள்ளுக்குப் போகவே இல்லை.'

அவளுக்கு முதல் எனக்கு விளங்கிவிட்டது.
கரண்ட் வெட்டினால் வீடு சுருங்காது.
சுவர் அதே சுவர், கூரை அதே கூரை,
உள்ளே மின்விசிறி நிற்கும்,
பிரிஜ்ஜுக்குள் மீன் நாறும்.
நாலு தசம் நாலு சென்ரிமீற்றர்
நிற்கிற தகடு.

ஆனால் கரையோரம்,
வெட்டிப்போட்ட நகம்போல, ஒரு வெள்ளை.
ஒன்பது மில்லிமீற்றர் என்றார்.
'கள்ளக் கரண்ட்' என்றேன்.
டொக்டர் விளங்காமல் பார்த்தார்.
பக்கத்து லைனில் கொக்கி போட்டு
இராவில் இழுக்கிறது என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி,
'ஓம், அதேதான்' என்றார்.

புளூமெண்டாலில் ஒரு வீட்டில் அப்படிக் கண்டேன்.
மழை நாள். அந்தக் கொக்கியின் வெளிச்சத்தில்
ஒரு பெட்டை கணக்குச் செய்துகொண்டிருந்தது.
என் புத்தகத்தில் அதைக் குறிக்கவில்லை நான்.

இதைக் குறியுங்கள், டொக்டர்.

அடுத்த திகதி கார்த்திகை பத்தொன்பது.
வெளியே, பஸ் ஹோல்டில்,
றெஜினா ஒவ்வொன்றாய்த் திருப்பித் தந்தாள்.
மெடல். பெல்ட், இன்னுமொரு ஓட்டை வேண்டும் அதற்கு.
மோதிரம் இரண்டு தரம் கழன்று விழுந்தது.
காசில் நூறு ரூபா குறையுது என்றேன்.
'வடை திண்டனான்' என்றாள்,
'பட்டினி கிடக்கச் சொன்னது உங்களை.'